பூவாயி டீச்சரின் பூஜ்யம்

ஒரு காட்டில், ஓடைக்கு மேற்கே, மான்குட்டிகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருந்தது. ஒரே ஆசிரியர், பூவாயி என்ற மந்தி. பாடமும் ஒன்றுதான்: சிறுத்தையிடமிருந்து தப்பிப்பது.

பூவாயி டீச்சர் அத்திமரக் கிளையில் உட்கார்ந்து பாடம் நடத்துவார். காற்று எந்தப் பக்கமிருந்து வந்தால் மூக்கை எங்கே திருப்ப வேண்டும், புல் எப்படி அசைந்தால் காற்று, எப்படி அசைந்தால் வால், மேலிருந்து அவர் "கக்" என்று குரல் கொடுத்தால் எந்தப் புதருக்குள் பாய வேண்டும், எல்லாவற்றையும் தினமும் சொல்லித் தருவார். பவளம் என்ற குட்டிக்கு மட்டும் திசை குழம்பும். மற்ற முப்பத்தொன்பதும் புதருக்கு ஓடினால் அது ஓடைக்கு ஓடும். பவளத்துக்காகவே டீச்சர் சாயங்காலம் அரைமணி நேரம் கூடுதலாக இருந்து, கீழே இறங்கி, கூடவே ஓடிக் காட்டுவார்.

மூன்று வருஷமாக அந்தப் பள்ளியில் ஒரு குட்டிகூடச் சாகவில்லை. வடமலை என்ற சிறுத்தை ஆரம்பத்தில் ஒரு மாதம் வந்து பார்த்தது. பாய்ந்த இடத்திலெல்லாம் புல்தான் கிடைத்தது. கடைசியில் இடுப்பு சுளுக்கிக்கொண்டு, ஓடையைத் தாண்டிக் கிழக்கே போய்விட்டது.

கிழக்கே தணிகாசலம் என்ற மயில் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். பத்து மணிக்கு வருவார். தோகையை உதறிக் காயவைப்பார். ஆண்டு விழா நடனத்துக்கு ஒத்திகை பார்ப்பார். பன்னிரண்டு மணிக்குக் கிளம்பிவிடுவார். வடமலைக்கு அந்தப் பள்ளி ரொம்பப் பிடித்துப்போயிற்று.

இப்படி இருக்கையில் காட்டு நிர்வாகம் ஓர் ஆணை போட்டது. இனி ஆசிரியர்களுக்குச் சம்பளம் அவரவர் செயல்திறனைப் பொறுத்துத்தான். சம்பளம் என்பது மாதம் ஒரு கூடை அத்திப்பழம். நன்றாகப் பாடம் நடத்துபவருக்கு இரண்டு கூடை, நடத்தாதவருக்கு ஒன்றுமில்லை. கேட்டவர்களெல்லாம் நியாயம் என்றார்கள். பூவாயி டீச்சரும் நியாயம் என்றுதான் சொன்னார். இரண்டாவது கூடையை எந்தக் கிளையில் தொங்கவிடலாம் என்றுகூடப் பார்த்து வைத்தார்.

கணக்கெடுக்க வந்தவர் ஏகாம்பரம் என்ற உடும்பு. கல்வி அலுவலர். கையில் ஒரு கைபேசி, அதில் ஒரு செயலி.

"டீச்சர், இந்த வருஷம் சிறுத்தை கிட்ட மாட்டின மாணவர்கள் எத்தனை பேர்?"

"யாரும் இல்ல சார்."

"மாட்டித் தப்பிச்சவங்க?"

"மாட்டவே இல்லையே சார். சிறுத்தையே வர்றதில்ல."

ஏகாம்பரம் இரண்டு இடத்திலும் பூஜ்யம் போட்டுப் பொத்தானை அமுக்கினார். செயலி சுற்றிச் சுற்றி நின்றது. மறுபடி அமுக்கினார்.

"ஏத்துக்க மாட்டேங்குது டீச்சர். தப்பிச்சவங்களை மாட்டினவங்களால வகுக்கணும். பூஜ்யத்தால வகுக்க முடியாது."

"சார், ஒரு பிள்ளைகூடச் சாகல. அதைப் போடுங்க."

"சாகாததைப் போட இதுல கட்டம் இல்லையே," என்றார் ஏகாம்பரம், உண்மையான வருத்தத்தோடு.

கிழக்கே நிலைமை வேறு. அங்கே முப்பது குட்டிகள் சிறுத்தையிடம் மாட்டியிருந்தன. இருபத்து நான்கு தப்பித்திருந்தன. எண்பது சதவீதம். ஏகாம்பரம் அதையே மெச்சிக்கொண்டிருந்தபோது தணிகாசலம் பணிவாகக் குறுக்கிட்டார்.

"சார், அந்த ஆறு பேரும் ரொம்ப நாளா பள்ளிக்கூடத்துக்கு வர்றதில்ல. இடைநின்ற மாணவர்கள். பட்டியல்லேர்ந்து எடுத்துட்டேன்."

"அப்படியா? அப்ப இருபத்து நாலுக்கு இருபத்து நாலு. நூறு சதவீதம்."

அந்த மாதம் தணிகாசலத்துக்கு இரண்டு கூடை போனது. பூவாயி டீச்சருக்கு ஒரு கடிதம் வந்தது. 'தங்கள் பள்ளியில் ஏன் தாக்குதல் எதுவும் நடைபெறவில்லை என்பதற்கு ஏழு நாட்களுக்குள் விளக்கம் அளிக்கவும்.'

டீச்சர் நான்கு பக்கத்துக்கு விளக்கம் எழுதினார். பதில் வரவில்லை. காட்டில் இருந்த அத்திமரமெல்லாம் நிர்வாகத்தின் பேரில் இருந்ததால், உட்கார்ந்திருக்கும் கிளையிலிருந்தே ஒரு பழம் பறிக்க அவருக்கு உரிமை இல்லை. இரண்டு மாதம் புளிய இலையைத் தின்று பாடம் நடத்தினார். மூன்றாம் மாதம் "கக்" என்று குரல் கொடுத்தபோது தலை சுற்றிக் கிளையைப் பிடித்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் அவர் ஓடையைத் தாண்டிப் போனார்.

வடமலை பாறை மேல் படுத்திருந்தது. கொஞ்சம் தொப்பை போட்டிருந்தது. டீச்சரைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தது. பழைய சுளுக்கு அதற்கு ஞாபகம் வந்திருக்கும்.

"நீங்க ஒருதடவை எங்க பள்ளிக்கூடத்துக்கு வரணும்," என்றார் டீச்சர் பக்கத்து மரத்திலிருந்து.

"எதுக்கு?"

"சும்மா ஒரு பாய்ச்சல் பாய்ஞ்சுட்டுப் போனாப் போதும். பிள்ளைங்க தப்பிச்சுடும். நான் படிவத்துல போட்டுக்குவேன்." சம்பளம், கூடை, பூஜ்யம், செயலி எல்லாவற்றையும் சொன்னார். வடமலை கவனமாகக் கேட்டது. குறிப்பாகக் கூடையைப் பற்றி இரண்டு முறை கேட்டது.

"வர்றேன் டீச்சர். ஆனா வெறும் வாயோட திரும்ப முடியாது. வருஷத்துக்கு ஒரு குட்டி. ஒண்ணே ஒண்ணு. உங்ககிட்டயும் சரியாப் படிக்காதது ஒண்ணு இருக்குமே."

டீச்சர் முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் மனசில் பவளத்தின் பெயர் வந்துவிட்டது. கேட்காமலே வந்தது. உடனே மரத்துக்கு மரம் தாவி மேற்கே வந்து சேர்ந்தார். அன்று சாயங்காலம் பவளத்தோடு ஒரு மணி நேரம் ஓடினார். ஏன் இவ்வளவு நேரம் என்று பவளம் கேட்டதற்கு, "இன்னும் ஒரே ஒருதடவை ஓடு," என்றார்.

ஆனால் வடமலைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. மறுநாளே அது ஏகாம்பரத்தின் அலுவலகத்துக்குப் போனது. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் எப்படியோ வழிவிட்டார்கள்.

"சார், மேற்குப் பள்ளிக்கூடத்துல தாக்குதல் இல்லாமத்தானே கணக்கு நிக்குது? நானே அங்க வாத்தியாரா வந்துடறேன். பாடமும் என்னுது, தாக்குதலும் என்னுது. தனியா ஆள் தேட வேண்டாம்."

ஏகாம்பரம் யோசித்துப் பார்த்தார். இரண்டு வேலைக்கு ஒரு சம்பளம். துறையில் முப்பது வருஷ அனுபவம் வேறு. அன்றே பணி ஆணை கையெழுத்தாயிற்று. செயல்திறன் பூஜ்யம் என்று எழுதிப் பூவாயி டீச்சரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வடமலை அரசு ஊழியர் ஆகிவிட்டதால் இனி நாமும் அவரை 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும்.

பெற்றோர் கூட்டத்தில் தாய்மான்கள் முதலில் கொஞ்சம் பயந்தன. பிறகு ஒன்று சொன்னது: "பார்த்தாலே நடுங்குதே, கண்டிப்பான வாத்தியார்தான் போல. இவர்கிட்ட நம்ம பிள்ளைங்க சேட்டை பண்ணாது." மற்றவை தலையாட்டின.

வடமலை வாத்தியாரின் முதல் நாள். நாற்பது குட்டிகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. வருகைப் பதிவேட்டை மூடிவிட்டு அவர் பின்கால்களை மடக்கினார். அந்த நொடி அத்திமரத்திலிருந்து "கக்" என்று ஒரு குரல் வந்தது. குட்டிகள் காலம் காலமாகப் பழகிய மாதிரி புதருக்குள் பாய்ந்தன. பவளம் ஒரு கணம் ஓடைப் பக்கம் திரும்பி, பிறகு சரியான பக்கம் திரும்பி, கடைசியாகப் புதருக்குள் போனது. வாத்தியார் வாயில் புல்.

வேலை போன பூவாயி டீச்சர் மேலே உட்கார்ந்திருந்தார். வேறெங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை.

இப்படியே தினமும் நடந்தது. மாதக் கடைசியில் ஏகாம்பரம் வந்து கணக்கெடுத்தார். மாட்டியவர்கள் நாற்பது, தப்பித்தவர்கள் நாற்பது. செயலி ஒரே அமுக்கில் ஏற்றுக்கொண்டது. வடமலை வாத்தியாருக்கு இரண்டு கூடை. அவர் கேட்டுக்கொண்டதால் பழத்துக்குப் பதில் ஆற்றுமீன்.

மீன் வர ஆரம்பித்ததும் வாத்தியாருக்கு மானில் நாட்டம் குறைந்தது. தினமும் ஒரு பாய்ச்சல், அதுவும் பாதி உயரத்துக்கு. கிழக்கே போவதையும் நிறுத்திவிட்டார். அங்கே தணிகாசலத்துக்கு அந்த மாதம் பூஜ்யம். பகுதி நேரமாகவாவது வந்து போகச் சொல்லி அவர் தோகையெல்லாம் மடக்கிக்கொண்டு வந்து கேட்டுவிட்டுப் போனார்.

ஒருநாள் பூவாயி டீச்சருக்குக் காய்ச்சல். மரத்தில் சுருண்டு கிடந்தார். வாத்தியார் வந்தார், பின்கால்களை மடக்கினார், காத்திருந்தார். குரல் வரவில்லை. குட்டிகள் அசையவில்லை. பவளம் கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தது. வாத்தியார் பவளத்தைப் பார்த்தார். சதவீதத்தை நினைத்தார். பிறகு மரத்தடிக்கு வந்து அண்ணாந்தார்.

"டீச்சர், இன்னைக்கு முடியலையா?"

"முடியல."

"அப்ப நான் தற்செயல் விடுப்பு எடுத்துக்கறேன். நீங்க உடம்பைப் பாத்துக்குங்க. உங்களை நம்பித்தான் வண்டி ஓடுது."

வருஷ முடிவில் வடமலை வாத்தியாருக்குச் சிறந்த ஆசிரியர் விருது அறிவித்தார்கள். பூவாயி டீச்சர் ஏகாம்பரத்தைப் பார்க்கப் போனார். மத்தியானம் வரை வரிசையில் நின்றார்.

"சார், பிள்ளைங்க தப்பிச்சது நான் குரல் கொடுத்ததால."

ஏகாம்பரம் நிமிர்ந்தார். "பள்ளிக்கூட நேரத்துலயா?"

"ஆமா சார்."

"வெளியாள் ஒருத்தர் பள்ளிக்கூடத்துக்கு மேல உட்கார்ந்து சத்தம் போட்டிருக்கீங்க. இது எனக்குத் தெரியாமப் போச்சே." அவர் அபராதம் எழுதக் காகிதத்தை இழுத்தார். மாலையும் கழுத்துமாகப் பக்கத்து அறையிலிருந்து ஓடிவந்த வடமலை வாத்தியார்தான் அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். "வேண்டாம் சார், பாவம். நான் பொறுப்பேத்துக்கறேன்."

பெருந்தன்மையான மனிதர் என்று அதையும் விருதுப் பட்டயத்தில் சேர்த்து எழுதினார்கள்.

மறுநாள் காலை பூவாயி டீச்சர் போகக் கூடாது என்றுதான் இருந்தார். புளிய மரத்தில் உட்கார்ந்து நாலு இலை மென்றார். பள்ளி மணி அடித்தது. பவளம் இன்னும் முதலில் ஓடைப் பக்கம்தான் திரும்புகிறது என்பது ஞாபகம் வந்தது. மென்றதைத் துப்பிவிட்டு அத்திமரத்துக்குத் தாவினார்.

நீதி: நல்ல ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்து வீணாக்காதீர்கள், அவர் எப்படியும் பாடம் நடத்திவிடுவார். சம்பளத்தைச் சிறுத்தைக்குக் கொடுங்கள், கொடுக்காவிட்டால் அது பிள்ளைகளைத் தின்றுவிடும்.