பனிப்பூவின் நடுவே ஒரு தூசி

அன்புள்ள தம்பி கிளாரிக்கு, ஹோபார்ட்டிலிருந்து அக்கா வெர்னா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், உன் அத்தானின் முழங்கால் நீங்கலாக. மெல்போர்ன் வானிலை ஆபீசில் நீயும் உன் வானிலைப் படங்களும் சுகமென்று நம்புகிறேன்.

சனிக்கிழமை காரில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் கூட்டிக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஓட்டியவர் உன் அத்தான் ஆல்பி. பக்கத்தில், வளைவு வந்தால் குமட்டும் என்பதால், ஞாயிறு பள்ளித் தலைவி திருமதி ஈனிட் பர்பரி. பின்னால் நான், ஒரு வாளி, நாய் டஃபி. திரும்பும்போது கார் முன்மூடியான பானெட்டின் மேல் ஒரு பனிமனிதர்; அவரையும் சேர்த்தால்தான் கணக்கு நேராகும்.

வினை என் வாயால் வந்தது. பனி உறைந்த மழை அல்ல, மேகத்துக்குள் இருக்கும் ஆவி தண்ணீராகாமலே குளிரில் ஒரு தூசியைப் பற்றிக்கொண்டு ஐஸாகப் படிகிறது, ஆறு கை முளைத்துப் பூவாக இறங்குகிறது என்று நூலகப் புத்தகத்தில் படித்ததை என் சின்னப் பிள்ளைகள் வகுப்பில் சொன்னேன். டாட்டி என்கிற வாண்டு வீட்டுக்குப் போய், "பனிக்குள்ளயே தூசி இருக்காம், நான் மட்டும் ஏன் கழுத்து தேய்க்கணும்?" என்று கேட்டுவிட்டாள். அது திருமதி பர்பரி காதுக்குப் போயிற்று. "ஏம்மா வெர்னா, பனியவிட வெள்ளையாக்கும்னு வாராவாரம் ஜெபிக்கிறோம். நீ அதுக்கு நடுவுல குப்பைங்கிறியே?" என்றார். "குப்பை இல்லீங்க, தூசி" என்றேன். "என் வீட்டுல ரெண்டுக்கும் ஒரே விளக்குமாறுதான்!" பனியை உருக்கி அவருடைய மஸ்லின் துணியில் வடிகட்டுவது, தூசி தெரியாவிட்டால் என் வகுப்பைப் பெரிய பிள்ளைகளின் டீச்சர் மியூரியலிடம் ஒப்படைப்பது என்று தீர்ப்பாயிற்று. அந்த வகுப்பு எனக்கு என்னவென்று உனக்குத் தெரியும், தம்பி. வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் என் மடி நிறைகிறது.

நானூறு மீட்டருக்கு மேல் பனி என்று ரேடியோ சொன்னதும் மலைக்குக் கிளம்பினோம். எங்கள் தெருவில் மழை, பாதி மலையிலிருக்கும் ஃபெர்ன் ட்ரீ ஊரில் மழையும் பனியும் கலந்த சகதி, அதற்கு மேலே வெள்ளை வெளேர். ஒரே மேகம்தான், கீழ்க்காற்றில் கொஞ்சம் சூடு இருப்பதால் பனி வழியிலேயே உருகிவிடுகிறது என்றேன். "அப்ப மழைதானே பனி?" என்றார் திருமதி பர்பரி. "தலைகீழா சொல்றீங்க. நம்ம வீட்டு மழைதான் பழைய பனி" என்றேன். அவர் ஜன்னலை இறக்கினார். கோபமா குமட்டலா தெரியவில்லை.

நான் கால் படாத இடமாகப் பார்த்து, மேலாக அள்ளி, வாளியை நிரப்பி வைத்தேன். மேலே போய்வந்தவன் பானெட்டில் பனிமனிதன் இல்லாமல் இறங்குவானா இந்த ஊரில்? அதற்கு உடம்பு செய்த உன் அத்தான், தலைக்குப் பனி போதவில்லை என்று என் வாளியைக் கவிழ்த்துவிட்டார், வெறும் வாளியைத் தொப்பியாகவும் மாட்டிவிட்டார், சூப்புக்கு வைத்திருந்த கேரட்டில் பாதியை மூக்காக்கினார். "ஆல்பி, அது சாட்சிப் பனி!" என்று கத்தினேன். "சாட்சி எங்கயும் போகலை கண்ணு, தலையில பத்திரமா இருக்கு." இரண்டாவது வளைவில் தலை கண்ணாடிமேல் சாய்ந்தது, அத்தான் பழக்கதோஷத்தில் வைப்பரைத் தட்டிவிட, சாட்சி இரண்டு பக்கமும் பறந்தது. டஃபி குரைத்தது, வாளி ஒரு பஸ்ஸின் முன்னால் உருண்டது.

வீடு வரும்போது மீந்தது இடுப்புக்குக் கீழே ஒரு கட்டி. சட்டியில் உருக்கி வடித்தோம். மஸ்லின் தேநீர் நிறமாயிற்று. ஒரு யூகலிப்டஸ் இலை, ஒரு செத்த அந்துப்பூச்சி, கடற்காகத்தின் எச்சம் கொஞ்சம். திருமதி பர்பரி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஐயோ வெர்னா, நீ சொன்னது நிஜம்தானா? வானத்துல இவ்வளவு அழுக்கா?"

ஜெயித்துவிட்டேன், தம்பி. வாயை மூடிக்கொண்டு கேக் எடுத்து வைத்திருக்கலாம். மனம் கேட்கவில்லை. "அது எங்க கார் அழுக்குங்க. நிஜத் தூசி கண்ணுக்கே தெரியாது" என்றேன். அவர் நிமிர்ந்தார். "கண்ணுக்குத் தெரியாததை நம்ப எனக்கும் தெரியும், ஆனா அதுக்கு வேதம் வேணும். உனக்கு என்ன இருக்கு?" "மெல்போர்ன்ல தம்பி இருக்கான்." "அப்ப அவன் எழுதட்டும். அதுவரைக்கும் மியூரியல்."

ஆகவே தூசி உண்டென்று இரண்டு வரி எழுதி, கீழே உன் உத்தியோகத்தையும் பெரிய எழுத்தில் போட்டு அனுப்பு. ஆண்டவர் உன்னையும் உன் வீட்டாரையும் சளி பிடிக்காமல் காப்பாராக.

அன்புள்ள அக்கா,
வெர்னா டிரிஃபிட்

பி.கு.: உறையை ஒட்டப்போகையில் பனி எங்கள் தெருவுக்கே இறங்கிவிட்டது. ரேடியோ இன்னமும் நானூறு மீட்டர் என்கிறது. எங்கள் வீட்டுப்படி அத்தனை உயரமா, கேட்டுச் சொல். நாலு வீடு தள்ளியிருக்கும் திருமதி பர்பரி வீட்டுச் செருப்போடு ஓடி வந்தார். கறுப்புக் கோட்டுக் கையில் விழுந்த ஒரு பூவை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார், ஆறு கையையும் எண்ணினார். "தூசிய நடுவுல வெச்சே இவ்வளவு வெள்ளையாக்குறார்னா, நமக்கும் வழி இருக்கு வெர்னா. நீ உன் வாண்டுகளைப் பாரு. பெரியவங்களுக்கு இதை ஞாயித்துக்கிழமை நானே சொல்றேன்" என்றார். சபை முழுவதற்கும் சொல்லப்போகிறார், என் பேச்சை நம்பி. நான் படித்ததோ ஒரே ஒரு நூலகப் புத்தகம். தூசி உண்டென்று எழுது என்று மேலே சொன்னதை அடித்துவிடு. உள்ளதை எழுது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் போடு.