கரண்டு வராத கல்லறைத் தோட்டம்

பூனாகலை,
நவம்பர், மழை விட்ட ஒரு ஞாயிறு.

பாசமுள்ள றுஷாந்தன் அண்ணாவுக்குத் தங்கை அஞ்சலின் எழுதுவது. நானும் சித்தியும் சுகம். கட்டாரில் உங்களுக்குத் தேவமாதா துணை இருக்கட்டும். போனில் பேசினால் "ம்" என்பதைத் தவிர நான் வேறொன்றும் சொல்வதில்லை என்று கோபப்பட்டீர்கள். அதனால்தான் லீவு முடிந்து அங்கே திரும்பும் ஜொனி அண்ணன் கையில் இந்தக் கடிதத்தையும், டைல்ஸ் பதித்த அம்மாவின் கல்லறைப் படத்தையும் கொடுத்து விடுகிறேன். அடக்கத்துக்கு வர முடியாத உங்களுக்கு இந்தப் படமாவது வந்து சேர வேண்டும்.

கல்லறைத் திருநாளுக்கு முன் வேலை முடிய வேண்டும் என்று நீங்கள் காசு அனுப்பியதும் டைல்ஸ் பதிக்கிற ஒரு மேசன் பாஸிடம் கேட்டோம். அவர் சொன்ன கூலிக்கு நானும் சித்தியும் படுக்க இன்னும் இரண்டு கல்லறை கட்டியிருக்கலாம். "மெசின் வாங்கி நீயே பழகு, பள்ளிக்கூடத்தை விட்டதுக்கு ஒரு தொழிலாவது மிஞ்சும்" என்று நீங்கள் சொன்னபடி பண்டாரவளைக்குப் போய் வாஹித் நானாவின் ஹாட்வெயார் கடை வாசலில் நின்றேன். உள்ளே போக எனக்கு ரொம்ப நேரம் ஆனது, அதற்குள் நானா என்னைத் தாண்டிப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டே வந்துவிட்டார்.

"என்ன மகள், மழைக்கு ஒதுங்கினீங்களா?"

"இல்ல நானா. டைல்ஸ் வெட்டுற மெசின்."

"யாருக்கு?"

"எனக்கு."

அவர் சிரித்திருந்தால் அப்படியே வீட்டுக்கு வந்திருப்பேன். மனுசன் சிரிக்கவில்லை. மரியாதையாக எல்லாவற்றையும் எடுத்து அடுக்கினார். தண்ணீர் விட்டு வெட்டும் மேசை மெசின், அதன் விலையைக் கேட்டே எனக்குக் காது சூடாகிவிட்டது. சாந்து குழைக்கிற மெசினை, மம்பட்டி இருக்கிறது என்று வேண்டாமென்றேன். கையில் பிடித்து டைல்ஸ் வெட்டும் பெரிய கிரைண்டரைத் தூக்கிப் பார்த்தேன், அது என்னை இழுத்துக்கொண்டு கீழே போனது. "புதுசா பழகுற கைக்குச் சின்ன கிரைண்டர்தான் அடங்கும். மெசின் மலிவா இருந்தாலும் பிளேடு நல்லதா போடுங்க. மலிவு பிளேடு டைல்ஸ் ஓரத்த நாய் கடிச்ச மாதிரி ஆக்கிரும்" என்றார். பிறகு, "வேலை எங்க?" என்று கேட்டார். அம்மாவின் கல்லறையில் என்று சொல்லப் போனால் அழுதுவிடுவேன், கடையில் வேறு ஆட்கள் நின்றார்கள். "குசினியில, அடுப்படிச் சுவருக்கு" என்றேன். குசினி மூலைகளுக்குத் தோதாக ஒரு சின்ன கிரைண்டரைக் கட்டித் தந்தார்.

சிமெந்தைக் குழைத்து, டைலில் கோடு போட்டு, அம்மா பக்கத்தில் முழங்காலிட்டு, வயரைக் கையில் பிடித்தபடி சுற்றிலும் பார்த்தேன். சிலுவைகள்தான் நின்றன. கல்லறைத் தோட்டத்தில் பிளக் இருக்காது என்பது அண்ணா, எனக்கு அப்போதுதான் உறைத்தது. சிமெந்து இறுகுதே என்று ஓடிப்போய், பக்கத்து லயத்தின் கடைசிக் காம்பரா வீட்டில் இருக்கிற ரெங்கம்மா அக்காவிடம் கெஞ்சி, லயத்திலிருந்த வயரையெல்லாம் ஒன்றோடொன்று கோத்து இழுத்து வந்தோம். மெசின் ஒரு தரம் உர்ரென்றது. லயம் முழுக்கக் கரண்டு போய்விட்டது. "அடியே அஞ்சலினு, சோறும் வேகல, நாடகமும் நின்னுபோச்சு! ஒங்கம்மாவும் இப்பிடித்தான், என்னைய ஒரு நாள் நிம்மதியா இருக்க விட்டதில்ல!" என்று அக்கா கத்தினார். கத்திவிட்டு, அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்து அழுதார்.

மறுநாள் மெசினைத் துடைத்துக் கடைக்குக் கொண்டு போனேன்.

"குசினியில என்ன கோளாறு?"

"குசினி இல்ல நானா. எங்கம்மாவோட கல்லறை."

நானா உள்ளே போய், கையாலேயே கீறி அமுக்கி உடைக்கிற கட்டரைக் கொண்டு வந்தார். "இதுக்குக் கரண்டு தேவையில்ல. நேர் வெட்டுக்கு இது போதும். வாயத் தொறந்து சொல்லியிருந்தா முதல்லயே தந்திருப்பேனே மகள்" என்று கிரைண்டரைத் திருப்பி வாங்கிக்கொண்டார். விற்ற சாமான் திரும்ப எடுக்கப்படமாட்டாது என்ற பலகை அவர் தலைக்கு மேலேயே தொங்கியது.

போன வருட மழையில் மண் சரிந்து, மேடெல்லாம் கரைந்து, சிலுவைகள் பள்ளத்தில் கிடந்ததையும், தோட்டத்துப் பையன்கள் பொறுக்கி வந்து நட்டதையும் போனில் சித்தி சொன்னார்தானே? அம்மாவின் சிலுவையைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் பதித்தேன். பெயர்க்கல் இன்னும் வரவில்லை. முதல் வரிசை கோணல், அடுத்தது அதைவிடக் குறைவான கோணல். தலைமாட்டில் ஒரு டைல் மட்டும் அம்மாவின் முன்பல் மாதிரித் துருத்திக்கொண்டு நிற்கிறது. சித்தி உடைத்து எடுக்கச் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. திருநாளன்று ஃபாதர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். நான் அழவில்லை, சித்தி என் பங்கையும் சேர்த்து அழுதுவிட்டார்.

படத்தைக் கட்டில் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அந்தப் பல்லைப் பாருங்கள். அம்மா எங்கே இருக்கிறாள் என்று இனி நீங்கள் தவிக்க வேண்டாம். நேரத்துக்குச் சாப்பிடுங்கள், வெயிலில் தலைக்குத் துணி கட்டுங்கள். சித்தியின் செபமும் என் அன்பும் உங்களோடு.

தங்கை,
அஞ்சலின்.

பி.கு: அண்ணா, படத்தை ஒட்டாதீர்கள். கடிதத்தை மடித்து வைத்த பிறகு கபிரியேல் தாத்தா வந்தார். அம்மா கொழுந்துக்குப் போனதும் பிள்ளைக் காம்பராவில் நம்மைத் தொட்டிலில் ஆட்டி வளர்த்தாரே, செத்துப்போன ஆயா, அவருடைய புருசன். ஒரு பிஸ்கட் பக்கட்டை என் கையில் வைத்து, "ஆயாவுக்கு டைல்ஸ் போட்டுட்டியே தாயி. பெத்ததுக ஒன்னும் எட்டிப் பாக்கல. தொட்டில்ல கெடந்த நீ மறக்கல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஆயாவைப் பாறைக்கு நேரே புதைத்தது அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. பையன்கள்தான் அம்மாவின் சிலுவையை அங்கே நட்டிருக்கிறார்கள். அம்மாவை ஆயாவுக்குப் பக்கத்தில்தானே அடக்கினோம், அப்படியென்றால் அம்மா அதற்குப் பக்கத்தில், புல்லுக்குள் இருக்கிறாள். நான் தாத்தாவிடம் "ம்" என்று மட்டும் சொன்னேன்.

சித்திக்கு இன்னும் தெரியாது. ஆயாவின் டைலில் நான் கை வைக்க மாட்டேன். கட்டர் இருக்கிறது, கையும் பழகிவிட்டது, டைல்ஸ் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு எல்லா வரிசையும் நேராக வரும். தலைமாட்டில் ஒன்றை மட்டும் வேண்டுமென்றே முன்னுக்குத் தள்ளி வைப்பேன்.