ஆக்சிலேட்டரைத் தொடாதே

இன்றைக்கு இந்தக் கிழட்டுக் காரை ஒழித்துக்கட்டியே தீருவது என்று நூலகர் பல் விளக்கும்போதே முடிவு கட்டிவிட்டார். மனிதர் ஒரு முடிவு கட்டினால் கட்டினதுதான், மனைவி வந்து அவிழ்க்கும்வரை.

சிவப்பு நிறத்தில் ஒரு புதுக் கார் என்பது அவருடைய மூன்று வருஷத் தவம். "ஓடுற வண்டியை எதுக்குங்க மாத்தணும்?" என்பது அந்த அம்மாளின் ஒரே பதில். அவள் தையல்காரி. பழசைப் பிரித்துத் தைக்கிறவளிடம் புதுசைப் பற்றிப் பேசினால் எடுபடுமா? கடைசியில் பந்தயம் ஆயிற்று. என்ஜினுக்குள் அழுத்தம் குறைந்திருந்தால் புதுக் கார். சரியாக இருந்தால் நூலகர் ஆயுசுக்கும் இந்தப் பேச்சை எடுக்கக்கூடாது.

நூலகர் சும்மா பந்தயம் கட்டுகிற ஆளா? புத்தகத்தில் ஒரு சூட்சுமம் படித்திருந்தார். சோதனை நடக்கும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்திருக்க வேண்டும். மிதிக்காவிட்டால் காற்று சரியாக உள்ளே போகாது. கல்லுப் போன்ற என்ஜினும் காய்ச்சல்காரன் மாதிரி அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். மறந்துவிடக்கூடாதே என்று அந்தப் பக்கத்தின் மூலையை மடித்து வைத்தார். நூலகரே பக்கத்தை மடித்தார் என்றால் ஆசை எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள்!

வாசலில் வேலை தொடங்கியது. பெட்ரோல் பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கினார். குழாயில் மிச்சமிருந்ததும் தீர்ந்து என்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டார். சாவியை ஆஃபுக்குத் திருப்பி, தீப்பொறிக்கு மின்சாரம் போகும் இணைப்புகளைக் கழற்றினார். நாலு ஸ்பார்க் பிளக்கையும் எடுத்து, முதல் ஓட்டையில் அழுத்தமானியைத் திருகினார். சூழ்ச்சியில்தான் கள்ளம், வேலையில் கள்ளமே இல்லை.

"உக்காரும்மா. கியர் நியூட்ரல்ல இருக்கா பாரு. நான் சொன்னதும் சாவியைத் திருப்பு. ஆக்சிலேட்டரை மட்டும் தொடாதே."

"தொட்டா பத்திக்குமாங்க?"

"எப்படிப் பத்தும்? பெட்ரோலும் இல்ல, பொறியும் இல்ல. யாரு செஞ்ச ஏற்பாடு!"

"அப்ப நான் என்ன செஞ்சாலும் ஆபத்தில்ல?"

"சத்தியமா இல்ல."

"அது போதுங்க."

சாவி திரும்பியது. என்ஜின் 'குர் குர்' என்று சுற்றியது. நூற்றைம்பதையாவது தொட வேண்டிய முள் தொண்ணூறிலேயே நின்றுவிட்டது. நூலகர் உள்ளுக்குள் துள்ளினார். முகத்தை மட்டும் இழவு வீட்டுக்குப் போகிற மாதிரி வைத்துக்கொண்டார்.

"போச்சும்மா. நம்ம வண்டி போயே போச்சு."

"ஒரே அளவை நம்பி நான் துணியில கத்திரி வைக்கிறதில்ல. இன்னொரு தடவை பாருங்க."

"பத்துத் தடவை பார்த்தாலும் இதேதான்!"

முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டுக் கையைக் காட்டினார். 'குர் குர்' என்றது. முள் தொண்ணூறைத் தாண்டியது. நூற்றைம்பதைத் தாண்டியது. நூற்றெண்பதில் போய் நிமிர்ந்து நின்றது. இருக்காது என்று அடுத்த மூன்று ஓட்டையிலும் மாற்றி மாற்றித் திருகிப் பார்த்தார். ஒன்றுகூட இறங்கவில்லை. சிவப்புக் கார் அவர் கண்ணெதிரிலேயே வேறு யார் வீட்டுக்கோ போயிற்று.

"ஏய், உள்ள என்னமோ பண்றே நீ!"

"புத்தகத்துல உள்ளபடிதாங்க பண்றேன்."

"புத்தகமா? அதை நீ எங்க பாத்தே?"

"மேஜையில கிடந்துச்சு. ஒரு பக்கம் மடிஞ்சிருந்துச்சு. மடிப்பைக் கண்டா நீவி விடாம என் கை சும்மா இருக்குமா? நீவும்போது படிச்சுட்டேன்."

இருபது வருஷமாகத் தையல் மெஷின் மிதிக்கிறவளிடம் போய் மிதிக்காதே என்று சொன்னோமே என்று நூலகருக்கு அப்போதுதான் உறைத்தது. இருந்தாலும் வீம்பு விடவில்லை.

"அப்ப நீ மிதிச்சுட்டே?"

"ஆமாங்க," என்று சாவியை ஆஃபுக்குத் திருப்பிவிட்டு இறங்கினாள் அவள். "இப்போதைக்கு ஆக்சிலேட்டரை."