கை காட்டிவிட்டுத்தான் சேற்றில் இறங்கினேன்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் இடுப்பின் நலமறிய ஆவல். பந்தயத்துக்கு முந்தின நாள் காலையில் ஷூ நாடாவைக் கட்டக் குனிந்த நீங்கள், அந்த நேரம் பார்த்துத் தும்மியும் வைத்ததால், குனிந்த நிலையிலேயே காரின் பின் இருக்கையில் ஏற்றப்பட்டு ஊர் போய்ச் சேர்ந்தீர்கள். நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்து படிக்கும் நாள் வரட்டும் என்று காத்திருந்தேன். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. உங்கள் மலைச் சைக்கிளை உங்களைக் கேட்காமல் எடுத்தவன் நான். விளக்கம் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் ஒழுங்குக்காகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகனும் என் மகளும் சேர்ந்து திறந்த சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு வாடிக்கையாளரைவிட மழைதான் அதிகம் வந்துகொண்டிருந்தது. சைக்கிள் கழகத்தின் சைக்கிள்களையெல்லாம் ஒரு வருடம் பராமரிக்கும் வேலை கிடைத்தால் கடை நிற்கும், இல்லாவிட்டால் மூடிவிடுவது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். அந்த வேலைக்குப் போட்டியிட்டவை மூன்று கடைகள். கழகம் நடத்தும் மலைச் சைக்கிள் பந்தயத்தில் கடைக்கு மூன்று பேர் ஓட்ட வேண்டும். மூவரும் கொடி இறங்குமுன் சைக்கிளில் அமர்ந்தபடி எல்லைக்கோட்டைக் கடக்க வேண்டும். சைக்கிளில் செயினும் பிரேக்கும் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். யார் முதலில் வந்தார்கள் என்பது கழகத்தாருக்கு முக்கியமல்ல, யார் சீர்செய்த சைக்கிள் சேற்றைத் தாங்குகிறது என்பதுதான் முக்கியம். நம் பிள்ளைகளோடு மூன்றாவது ஆளாக ஓட்ட இருந்த நீங்கள் ஊருக்குப் போய்விட்டீர்கள். அன்று சாப்பாட்டு மேசையில் உங்கள் மகன் தட்டில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அப்போது, “நான் வேணும்னா ஓட்டட்டுமா?” என்று ஒரு குரல் கேட்டது. யாரென்று நானும் திரும்பிப் பார்த்தேன். என் பின்னால் சுவர்தான் இருந்தது.

“மாமா, விளையாடாதீங்க” என்றார் உங்கள் மகன். “அப்பா ஸ்டூல் மேல ஏறுறதுக்கே ரெண்டு பேரைக் கூப்பிடுவாரு” என்றாள் என் மகள். “ஏங்க, இந்த வயசுல உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை?” என்றாள் என் மனைவி. மூவர் சொன்னதும் நியாயந்தான். நான் எழுந்து போய் விதிமுறைத் தாளைப் படிக்கத் தொடங்கினேன்.

இரவு முழுவதும் மழை. மறுநாள் குன்றின் அடிவாரத்தில் தரை என்று சொல்லத்தக்கது எதுவும் இருக்கவில்லை. உங்கள் ஹெல்மெட் பெரியது. நான் தலையைத் திருப்பினால் அது நேராகவே பார்த்துக்கொண்டிருந்தது. விசில் ஊதியதும், வாழ்நாளெல்லாம் ஓட்டுநர் தேர்வு நடத்தியவன் எப்படிப் புறப்பட வேண்டுமோ அப்படியே புறப்பட்டேன். அதாவது பின்னால் பார்த்தேன், பக்கவாட்டில் பார்த்தேன், கையைக் காட்டினேன், பிறகு முன்னால் பார்த்தேன். முன்னால் ஒருவரும் இல்லை. நம் பிள்ளைகள் இருவரும் ஏற்கெனவே மரங்களுக்குள் மறைந்திருந்தார்கள். கூட்டம் முழுவதும் “வேகமா! வேகமா!” என்று கத்த, என் மனைவி மட்டும் “மெதுவா போங்க, மெதுவா!” என்று கத்தினாள். நான் மணமான நாள் முதல் யார் சொல்வதைக் கேட்டு வருகிறேனோ அவர் சொன்னதையே அன்றும் கேட்டேன்.

சுற்று இரண்டு. நான் முதல் சுற்றின் பாதியில் இருக்கும்போதே இரண்டாம் சுற்றுக்காரர்கள் பின்னால் வந்து “வழி! வழி!” என்று அலறத் தொடங்கிவிட்டார்கள். வேகமாக வருகிற வண்டிக்கு வழி விடுவது எப்படி என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! ஒவ்வொருவருக்கும் கை காட்டி, ஓரம் கட்டி, இறங்கி நின்றேன்; ஒரு முறை ஓரம் இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம் இருந்ததால் அதற்குள்ளேயும் நின்றேன். நிறுத்திய வண்டியைப் பரிசோதிக்காமல் மறுபடி எடுக்கக் கூடாது என்பதும் என் பழக்கம். ஆகவே நின்ற இடத்திலெல்லாம் ஒரு குச்சியை ஒடித்து, செயினிலும் கியரிலும் சக்கரத்து இடுக்கிலும் அப்பியிருந்த சேற்றை வழித்துவிட்டுத்தான் ஏறினேன். இதில் கெட்டிக்காரத்தனம் எதுவும் இல்லை. பயந்த சுபாவந்தான்.

இரண்டாம் சுற்றில், கடைசி இறக்கத்துக்குச் சற்று மேலே, செயின் சிக்கித் திணறியபடி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த தடித்த மனிதர் ஒருவர் திருப்பத்தில் சறுக்கி, இடுப்பளவு சேற்றில் உட்கார்ந்துவிட்டார். போட்டிக் கடைக்காரர்களின் ஆள், லாரி ஓட்டுபவர். நான் இறங்கி அருகில் போனதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார்.

“சார்! நீங்களா? கை காட்டலைன்னு என்னை லைசன்ஸ் டெஸ்ட்ல மூணு தடவை திருப்பி அனுப்பினீங்களே, சார்!”

“இப்பவும் நீங்க கை காட்டாமத்தாங்க திரும்பினீங்க” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன். அவர் சேற்றில் கையை அடித்து அடித்துச் சிரித்தார். அவருடைய செயின் அறுந்து பாம்பு மாதிரி கிடந்தது.

“எங்க கதை முடிஞ்சுது சார். அந்த இன்னொரு கடைக்காரன் வண்டியும் கியர் பிய்ஞ்சு மேல கிடக்குது. உங்க பொண்ணும் மாப்பிள்ளையும் போய்ச் சேர்ந்துட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் பாக்கி. நீங்க போனா வேலை உங்களுக்கு. அங்க பாருங்க, கொடிக்காரன் எந்திரிச்சுட்டான்!”

சம்பந்தி, அதுவரை எனக்குப் பயமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ‘வயதானவர், முயன்றார், பாவம்’ என்று எல்லோரும் சொல்வார்கள் என்ற நிம்மதியில் வந்துகொண்டிருந்தவன் நான். இப்போது கடையே என் இரண்டு கால்களில் நிற்கிறது. முதல் சுற்றில் அந்த இறக்கத்தைச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியிருந்தேன். அப்படி இறங்க இப்போது நேரம் இல்லை. ஏறி உட்கார்ந்தேன். இரண்டு பிரேக்கையும் உயிரைப் போலப் பிடித்தேன். சைக்கிள் பக்கவாட்டில் போகத் தொடங்கியது.

“பிரேக்கை விடுங்க சார்!” என்று மேலிருந்து கத்தினார் லாரிக்காரர். “நான் பாஸ் போடுறேன், விடுங்க!”

விட்டுவிட்டேன். அதன் பிறகு நான் சைக்கிளை ஓட்டினேன் என்பதா, சைக்கிள் என்னைக் கொண்டுபோனது என்பதா என்பதில் எனக்கு இன்றுவரை தீர்மானமான கருத்து இல்லை. யாரோ விடாமல் அலறியது காதில் விழுந்தது. வாயில் சேறு புகுந்ததும் அலறல் நின்றுவிட்டதால் அது நான்தான் என்று முடிவு செய்தேன். ஆனால் எல்லைக்கோட்டைக் கடந்தபோது நான் சைக்கிளின் மேல்தான் இருந்தேன். கொடி பாதிதான் இறங்கியிருந்தது. இதைக் கொடிக்காரரே என்னிடம் சொன்னார். நானும் அவரைத் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

என் மனைவி ஓடி வந்து என்னிடமே, “ஏங்க, எங்க வீட்டுக்காரர் பின்னாடி வர்றாரா?” என்று கேட்டாள். கழகத்தின் மெக்கானிக் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினார். செயின் தையல் மிஷின் போல ஓடியது. இரண்டு பிரேக்கும் பிடித்தன. “இந்த வண்டியை ஓட்டவே இல்லையா?” என்று கேட்டார், அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். உங்கள் மகன் “மாமா!” என்று என்னைத் தூக்கிவிட்டார். என் மகள் அழுதுகொண்டே என் கண்ணாடியைத் தன் சட்டையில் துடைத்தாள். சட்டையிலும் சேறு, கண்ணாடி முன்னைவிட மோசமானது. ஆனாலும் அதை அப்படியே போட்டுக்கொண்டேன். வேலை நம் கடைக்கே கிடைத்தது.

இதில் என் பங்கு மிகச் சிறியது. நீங்கள் ஓட்டியிருந்தால் இன்னும் சிறப்பாக நடந்திருக்கும். உங்கள் இடத்தில் உட்கார எனக்குத் தகுதி இல்லை என்பதை நன்றாக உணர்ந்திருக்கிறேன். சைக்கிளைக் கழுவித் துடைத்து எண்ணெயிட்டு வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை பார்சலில் உங்களிடம் அனுப்பிவிடுகிறேன். இனி அதன் பக்கம் போவதில்லை. சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் அன்பான விசாரிப்புகள். உங்கள் இடுப்பு பழையபடி வளைந்து, வளைந்த பிறகு நிமிரவும் செய்ய வேண்டுமென்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி.

பின்குறிப்பு: திங்கட்கிழமை சைக்கிள் வராது. அதைப் பார்சல் அலுவலகத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். வழியில் குன்று இருந்தது. அடுத்த பந்தயத்துக்கு நம் கடை சார்பில் மூன்றாவது ஆளாக என் பெயரையே கொடுத்துவிட்டேன். உங்களுக்கு வேறு சைக்கிள் வேண்டுமானால் பிள்ளைகளிடம் சொல்லி வைக்கிறேன். ஹெல்மெட்டை மட்டும் அனுப்பியிருக்கிறேன், எனக்கு அளவு சரியில்லை.