பெருங்கற்கால வடாம்

ஆராய்ச்சியில் தேடியது கிடைக்காவிட்டால்கூடச் சமாளிக்கலாம். ஆசைப்பட்டது அப்படியே கிடைத்துவிட்டால்தான் வம்பு. எனக்குக் கிடைத்தது.

இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய பெருங்கற்கால ஈமக்குழிகளில் எடுத்த பானை ஓடுகளைச் சுரண்டி, அந்தக் காலத்தில் என்ன சமைத்தார்கள் என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது என் வேலை. (புகுந்த வீட்டு மொழியில், "மருமக பழைய பாத்திரம் தேய்க்கிறா.") முதல் வருடம் முழுக்க வெறும் மண்தான் கிடைத்தது. ஆய்வுக்குழு முன்னால் உருப்படியாக எதையாவது காட்டாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அந்த நேரம் பார்த்து, தாம்பரத்திலிருந்து வண்டியில் வரும்போது ஓடுகள் இருந்த பை மழையில் தொப்பலாக நனைந்தது. மறுநாள் காலை மாடம்பாக்கம் வீட்டு மொட்டைமாடியில் ஓடுகளைக் காயவைத்துவிட்டுக் கீழே வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

அடுத்த வாரம் மைக்ராஸ்கோப்பில் மாவுத் துகள்கள் தெரிந்தன. அதுவும் உப்பி, வெந்து போயிருந்தன. கூடவே ஒரு சீரகத் துணுக்கு! என் முன்னோர்கள் கிழங்கை வேகவைத்துச் சீரகம் போட்டுச் சாப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைத்ததும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆய்வுக்குழுவில் என் பேராசிரியர் மைக்ராஸ்கோப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது மரவள்ளி மாவும்மா. மரவள்ளி நம்ம நாட்டுக்குக் கப்பல்ல வந்தது. அப்போ இவங்க செத்தே ரொம்ப காலம் ஆயிருக்கும்."

"அப்போ வரலாற்றைத்தான் சார் மாத்தி எழுதணும்" என்றேன். (சத்தியமாகச் சொன்னேன்.)

"அதை அப்புறம் எழுதலாம். ஓட்டை எங்க காயவச்சீங்க?"

வீட்டு மொட்டைமாடியில், மாமனார் பார்வையில் என்றேன். ஸ்பீக்கரில் போட்டு மாமனாருக்கு போன் செய்யச் சொன்னார்கள். மாமா திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருந்தவர். இப்போது வெயில் அடித்தால், மரவள்ளி மாவில் செய்த ஜவ்வரிசியைக் காய்ச்சி வடாம் போடுவதுதான் அவருக்குத் தொழில்.

"மாமா, அன்னைக்கு மாடியில என் ஓட்டை எடுத்தீங்களா?"

"ஆமாம்மா. வடாம் போட்ட ஷீட்டு காத்துல பறந்துகினு இருந்துச்சு. வெயிட்டுக்கு மூலைக்கு ஒண்ணா வச்சேன். நல்ல கனம்மா அது. ஏன், வடாம் ஒட்டிக்கிச்சா? சீரகம் தூக்கலா போட்டேனே, நல்லா கீதா?"

ஆய்வுக்குழுவே மேசையில் கவிழ்ந்து சிரித்தது. அந்தச் சிரிப்புதான் என்னைக் காப்பாற்றியது. ஓடுகளை வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டு, இன்னும் ஆறு மாதம் கொடுத்தார்கள்.

பட்டம் வாங்கிவிட்டேன். மாமாவும் ஷீட்டுக்குச் செங்கல் வாங்கிவிட்டார். ஆனாலும் ஒவ்வொரு கோடையிலும், விருந்தாளி யாராவது கூடத்தில் உட்கார்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து, மாடியிலிருந்து குரல் வரும்:

"டாக்டரம்மா, காத்து ஜாஸ்தியா கீது. உன் தாத்தாங்க பானை ஏதாவது இருந்தா எடுத்தாயேன்."