பதினேழாம் தொட்டியின் பொறுமை

பயிர்களில் மட்டும்தான் ரகங்கள் உண்டு என்று நினைக்காதீர்கள். மனிதர்களிலும் உண்டு. அவற்றில் ஒன்று, அடுத்தவர் கஷ்டத்தைத் தாங்குவதைக் கண்டு மெய்சிலிர்க்கும் ரகம்.

எனக்குத் தெரிந்த ஒருவர் பயிர் மரபியல் விஞ்ஞானி. சோளச் செடியில் வறட்சியைத் தாங்கும் மரபணு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவது அவர் உத்தியோகம். அதற்காகக் கண்ணாடிக் கொட்டகையில் வரிசையாகத் தொட்டிகளை வைத்து, தண்ணீரை அடியோடு நிறுத்திவிட்டு, பக்கத்து அறையில் ஏசியை உச்சத்தில் ஓடவிட்டு, எது வாடுகிறது, எது நிமிர்ந்து நிற்கிறது என்று சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். அதில் தவறில்லை. அது ஆராய்ச்சி.

வீட்டிலும் அதையே செய்தால்?

அவர் மனைவி தையல் கடை நடத்துகிறார். கடை, சமையல், படுக்கையில் கிடக்கும் மாமனார், எல்லாம் அவர் தலையில். ஒருநாள் காய்ச்சலோடு துணி வெட்டிக்கொண்டிருந்தவரை விஞ்ஞானி வாஞ்சையோடு பார்த்தார்.

"உனக்கு அருமையான மரபணு. எவ்வளவு வந்தாலும் தாங்குற. எங்க அக்கா குடும்பத்தோட ரெண்டு மாசம் இங்க வந்து தங்கணும்னாங்க. சரின்னுட்டேன்."

"நீங்க ஒரு டம்ளராவது கழுவுவீங்களா?"

"என் ரகம் வேற. எனக்கு நல்ல பராமரிப்பு வேணும்."

மனைவி கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். மாமனாருக்கு எந்த மாத்திரை எப்போது என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

விஞ்ஞானி கலங்கினாரா? நேரமில்லை. கொட்டகையில் மற்ற செடிகளெல்லாம் வைக்கோலாகிவிட, பதினேழாம் தொட்டி மட்டும் பச்சைப் பசேலென்று நின்றது. வேரை ஆழமாக விட்டிருக்கும், இலைத்துளைகளை இறுக மூடியிருக்கும், மரபணு அகப்பட்டேவிட்டது என்று மூச்சிரைக்க ஓடி இயக்குநர் அம்மாளைக் கூட்டிவந்தார்.

அம்மாள் குனிந்து பார்த்தார். பின்கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது. நிமிர்ந்தார். விஞ்ஞானியின் ஏசித் தண்ணீர் வடியும் குழாய், சுவரைத் துளைத்து வந்து, தொட்டிக்கு நேர் மேலே நீட்டிக்கொண்டிருந்தது.

"செடி வறட்சியத் தாங்கல சார். உங்களுக்கு வெயில் தாங்கல. அதான் இது பொழச்சிருக்கு."

அன்று மாலை விஞ்ஞானி மைத்துனி வீட்டு வாசலில் நின்றார்.

"எங்க அக்காவ வரவேண்டாம்னு சொல்லிட்டேன்," என்றார் மனைவியிடம்.

"நீங்களேவா?"

"நானேதான். அரைமணி நேரம் திட்டினாங்க."

"தாங்கிக்கிட்டீங்களா?"

யோசித்தார். "முடியல. நடுவுல ஃபோன அப்பாகிட்ட குடுத்துட்டேன்."

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே உள்ளே போய், துவைக்க வேண்டிய தன் துணி மூட்டையைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார். பிறகுதான் செருப்பை மாட்டினார்.

இந்த ரகத்தை அடையாளம் காண ஆய்வுக்கூடம் எதற்கு? இவ்வளவு நிம்மதியாக உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்களே, இந்த நேரத்தில் உங்கள் வேலையை யார் செய்துகொண்டிருக்கிறார்? எழுந்து போய்ப் பாருங்கள். பாராட்டிவிட்டு மட்டும் திரும்பி வந்துவிடாதீர்கள்.