இடப்பக்க முன்சக்கரம்

சாயங்காலம் ஐந்தரை மணிக்குச் சன்னாசி காரைச் சுற்றி வந்தார். இடப்பக்க முன்சக்கரம் மறுபடியும் தரையோடு அப்பிக் கிடந்தது. இந்த மாதத்தில் இது ஆறாவது தடவை.

விடிகாலையிலேயே நடந்து போய் எண்ணெய் ஆலையில் கொதிகலனுக்குத் தீனி போட்டுவிட்டு வந்த உடம்பு. இனிமேல்தான் இரண்டாவது வேலை: கையுறைத் தொழிற்சாலைக்கு நாலு பெண்களைக் கொண்டுபோய் விட்டு, வேலை முடிந்த நாலு பேரை ஏற்றி வரவேண்டும். போன மாதம் திரும்பும் வழியில் கண்ணயர்ந்து காரைச் சாக்கடையில் இறக்கிவிட்டார். யாருக்கும் அடியில்லை. ஆனால் மனைவி அஞ்சலை மூன்று நாள் பேசவில்லை.

மாற்றுச் சக்கரத்தைப் போட்டும் பார்த்தாயிற்று. மறுநாள் அதுவும் படுத்துக்கொண்டது. கால் பம்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

போன் அடித்தது. அந்த நாலு பெண்களில் ஒருத்தி, தனம்.

"அண்ணே, லேட்டா போனா கேட்ட சாத்திடுறான். திங்கக்கிழமையும் வரலன்னா நாங்க வேன் பாத்துக்கிறோம். அப்புறம் கோவிச்சுக்காதீங்க."

அஞ்சலை வாசலுக்கு வந்தாள். "காத்து போச்சா? சரி விடுங்க. சுடுதண்ணி வச்சிருக்கேன். குளிச்சிட்டுப் படுங்க."

மறுநாள் டயர் கடை லிம் சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினான். ஒரு குமிழிகூட வரவில்லை.

"டயரு நல்லாருக்கு லா. ரிம்மு துரு, ஓடும்போது அதுலதான் கசியும். உன் காருக்கு இருவத்தஞ்சு வயசு அண்ணே."

"உன்கிட்ட பழைய ரிம்மு இருக்கா?"

"இந்த சைசு இல்ல. வெளிய வாங்குனா என்கிட்ட காட்டிட்டுப் போடு."

அதற்கெல்லாம் யாருக்கு நேரம்? பழைய சாமான் கடையில் பளபளவென்று நாலு அலாய் ரிம் கிடைத்தன. "நாலு ஓட்ட, நாலு போல்ட்டு. வேற என்னா வேணும்?" என்றான் கடைக்காரன். டயரை மாற்றிப் பூட்டியும் கொடுத்தான்.

வேகம் அறுபதைத் தாண்டியதும் ஸ்டீரிங் குளிர்காய்ச்சல் வந்தது போல் நடுங்கியது. ரிம்மின் நடு ஓட்டை பெரிது. அதற்குள் ஒரு வளையம் திணித்தான் கடைக்காரன். நடுக்கம் நின்றது, ஆனால் திருப்பும்போது டயர் உள்ளே அப்சார்பரில் உரசியது. சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தட்டு வைத்து வெளியே தள்ளினான். இப்போது ஆள் ஏறினால் மட்கார்டில் உரசியது. கருகிய ரப்பர் நாற்றம் தெரு முழுக்க வீசியது.

சன்னாசி ஞாயிற்றுக்கிழமை மறுபடி லிம்மிடமே போய் நின்றார். லிம் ஒரு நட்டைக் கழற்றினான். மூன்று சுற்றிலேயே கையோடு வந்துவிட்டது.

"யாரு மாட்னா? நாலு பொம்பளைய ஏத்திக்கிட்டு எங்க போற? சக்கரம் உனக்கு முன்னாடி போயிரும்!"

சன்னாசி டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்து அப்படியே தூங்கிப்போனார்.

லிம் கூட்டாளிக்குப் போன் போட்டு, சரியான அளவில் வேறு நாலு பழைய ரிம் வரவழைத்தான். சுழற்றிப் பார்த்து, கோணலும் விரிசலும் இல்லையென்று தடவிப் பார்த்து, அதற்கென்று உள்ள நட்டுகளை அளவுபார்க்கும் ஸ்பேனரால் முறுக்கினான். காற்று வால்வுக்கு இரும்பு மூடி போட்டான்.

"நூறு கிலோமீட்டரு ஓட்டிட்டு வா, திரும்ப முறுக்கணும். காத்து? இனி ஒரு வருஷம் ஆனாலும் எறங்காது."

வீட்டுக்கு வரும்போது ஸ்டீரிங் வெண்ணெய் மாதிரி இருந்தது. "நாளைக்கு ரெண்டாவது வேலைக்கும் போறேன்," என்றார். அஞ்சலை குனிந்து சக்கரத்தையே பார்த்தாள். "நல்லா கெட்டியாத்தான் போட்டிருக்கான்," என்றாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்தரை. இடப்பக்க முன்சக்கரம் தரையோடு அப்பிக் கிடந்தது.

சட்டைப்பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கத் தெம்பில்லை. சன்னாசி புது ரிம்மில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார். உள்ளே சுடுதண்ணீரை வாளியில் ஊற்றும் சத்தம் கேட்டது.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அத்தை, மக்சிக் ரொகாயா, வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

"தம்பி, அஞ்சலைகிட்ட என் குறட்டத் திருப்பித் தரச் சொல்லு, பழைய டயரு மூடியக் கையாலயே கழட்டிக்கிட்டிருந்தா, இந்த இரும்பு மூடி அசையலன்னு மத்தியானம் வாங்கிட்டுப் போனா."